அதலைக்காயும் களைக்கீரையும்

வணக்கம். ஐப்பசியில் இரண்டு மழை நல்லபடியாகப் பெய்துவிட்டால் கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் பக்கத்துச் சந்தைகளுக்கு ஒரு காய் வந்துவிடும். பெரிய கடைகளில் அதைப் பார்க்க முடியாது. தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார் முன்னால் கூறுகூறாக வைத்திருப்பார்கள். பாகற்காயின் தம்பி மாதிரி, விரலின் மேல்கணு அளவுக்குத்தான் இருக்கும். உடம்பெல்லாம் வரிவரியாக வரம்பு. அதுதான் அதலைக்காய்.

இதை யாரும் விதைப்பதில்லை. கரிசல் மண்ணுக்குள் இதன் கிழங்கு கோடை முழுக்கக் கிடக்கும். மேலே மண் பாளம்பாளமாக வெடித்தாலும் அது சாவதில்லை. மழை இறங்கியதும் கொடி வரும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வரை காய்க்கும், பிறகு கொடி காய்ந்துவிடும், கிழங்கு திரும்பவும் தூங்கப் போய்விடும். பாகல் குடும்பம்தான். தாவரவியலில் மொமார்டிகா சிம்பலாரியா என்கிறார்கள்.

பறித்த காயை வைத்திருக்க முடியாது. காலையில் பறித்ததை மறுநாள் பார்த்தால் வாயைப் பிளந்து விதையைக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் லாரி ஏறி அது சென்னைக்குப் போகவில்லை. அன்றைக்கு வாங்கி அன்றைக்கே சமைக்க வேண்டும். எங்கள் அப்பத்தா சுளகில், அதாவது முறத்தில், காயைக் கொட்டிவிட்டு, "ஏட்டி, காம்பையும் மூக்கையும் கிள்ளிப் போடு, வேற ஒண்ணும் செய்யாத" என்று சொல்லும். அரிய வேண்டாம், விதை எடுக்க வேண்டாம். இரண்டு முனையையும் நகத்தால் கிள்ளினால் போதும்.

நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுந்தம்பருப்பு, மிளகாய் வத்தல் போட்டுத் தாளித்து, காய்க்குச் சமமாகச் சின்ன வெங்காயம் போட வேண்டும். சமமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், வெங்காயத்தில் கை சுருக்கினால் கசப்பு தூக்கிவிடும். காயைப் போட்டு, தோல் சுருங்கி அங்கங்கே சிவக்கும் வரை சின்னத் தீயில் வதக்கி, கெட்டிப் புளித்தண்ணி கொஞ்சம், உப்பு, கடைசியில் புளியங்கொட்டை அளவு கருப்பட்டி. கம்பஞ்சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்ட நாக்குக்கு, கசப்பு என்பது ஒரு குறையாகவே தெரியாது. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று இப்போது தேடி வந்து வாங்குகிறார்கள். வாங்கிச் சாப்பிடுங்கள். ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பாதீர்கள்.

காய்க்கு முன்னால் வருவது கீரை. புரட்டாசியில் விதைத்து, பருத்தியும் உளுந்தும் முளைத்து, முதல் களை எடுக்கிற நேரம். அம்மா களைச்சுரண்டியோடு போனால், திரும்பி வரும்போது மடி கனத்திருக்கும். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, சாரணத்தி, கானாம்வாழை. பயிருக்குக் களை, வீட்டுக்குக் கறி. அம்மா தொய்யக்கீரையைச் செடியோடு பிடுங்க மாட்டாள். வரப்போரத்தில் நிற்பதை விட்டுவைத்து, கொழுந்தை மட்டும் கிள்ளுவாள். கிள்ளிய இடத்தில் நாலு நாளில் இரண்டு கொழுந்து வரும்.

இதே சங்கதி புறநானூற்றின் 159ஆம் பாட்டில் இருக்கிறது. வள்ளல் குமணனிடம் தன் வறுமையைச் சொல்லும் புலவர் பெருஞ்சித்திரனார், குப்பைக்கீரையில் ஏற்கெனவே கொய்த கண்ணில் மறுபடி துளிர்த்த இளந்தளிரைத் தன் மனைவி கொய்து வந்து, உப்பில்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்ததைச் சொல்கிறார். பசியோடு இருக்கிற மனிதர், கீரை எங்கிருந்து துளிர்த்தது என்பதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

எங்களுக்குத் தூத்துக்குடி உப்பளம் பக்கம். உப்புக்குக் குறைவில்லை. கரிசல் சேறு போக மூன்று தண்ணீரில் அலசி, பாசிப்பருப்பு, பூண்டு, சீரகம், பச்சைமிளகாயோடு மண்சட்டியில் மூடாமல் வேகவைப்போம். மூடினால் பச்சை நிறம் மங்கிவிடும். புளி சேர்ப்பதாக இருந்தால் கீரை வெந்த பிறகுதான், முதலிலேயே ஊற்றினால் கீரை வேகாது, நிறமும் செத்துவிடும். பிறகு மத்தால் கடைந்து தாளித்து இறக்குவது. சாரணத்தி, புளியாரை, தரைப்பசலை மூன்றிலும் ஆக்சலேட் என்னும் உப்பு அதிகம். அவற்றை வேகவைத்த தண்ணீரை வடித்துவிடுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அவற்றை ஒதுக்கிவிடுவதே நல்லது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டவுன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புச் சேர்ந்தபோது என் தூக்குச்சட்டியில் கம்பஞ்சோறும் இந்தக் கீரையும்தான். பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கு வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு. நான் மூடியைப் பாதி திறந்து, அந்த இடுக்கு வழியாகக் கையை விட்டு எடுத்துச் சாப்பிட்டேன். ஒரு வருஷம் முழுக்க அப்படித்தான். பல வருஷம் கழித்துச் சிறுபாணாற்றுப்படை என்னும் சங்கப்பாட்டைப் படித்தபோது அந்த மூடி ஞாபகம் வந்து, வாசிப்பதை அப்படியே நிறுத்திவிட்டேன். நல்லூர் நத்தத்தனார் பாடியது அது. கிணைமகள், அதாவது கிணைப்பறை கொட்டும் குடும்பத்துப் பெண், நகத்தால் கிள்ளிய குப்பை வேளை என்னும் கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்கள் என்று வெட்கப்பட்டுக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறார்கள். பார்த்துப் பழிப்பவர்களைப் புலவர் மடவோர், அதாவது அறிவில்லாதவர்கள் என்கிறார். அந்த ஒரு சொல்லுக்காக அவரைக் கும்பிடலாம்.

அதே வேளைக்கீரைக்கு இன்னொரு முகமும் உண்டு. புறநானூறு 215இல் கோப்பெருஞ்சோழன், தன் நண்பர் பிசிராந்தையார் நாட்டைப் பற்றிப் பேசும்போது, ஆய்மகள், அதாவது ஆயர் வீட்டுப் பெண், வேளையின் வெள்ளைப் பூவைத் தயிரில் போட்டுச் சமைத்த புளிக்கூழைச் சொல்கிறான். அரசன் வாயில் அது வளமான நாட்டின் உணவு. எங்கள் பக்கம் நல்வேளை, தைவேளை என்று சொல்கிற செடிக்குக் கென்யாவில் இன்றும் சந்தையில் நல்ல கிராக்கி. கசப்பு அடங்க அவர்களும் பாலில்தான் வேகவைக்கிறார்கள்.

பிரண்டையைப் பற்றிக் கேட்கிற நிறைய பேர், நாக்கு அரித்துவிட்டது என்பார்கள். அதில் ஊசி ஊசியாக கால்சியம் ஆக்சலேட் இருப்பதால் வருவது அது. நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு மட்டும் ஒடியுங்கள், பட்டென்று ஒடிய வேண்டும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நாலு ஓரத்திலும் நாரை உரித்து, எண்ணெயில் பச்சை போய்ப் பழுப்பாகும் வரை பொறுமையாக வதக்கி, புளி வைத்து அரையுங்கள். அரிப்புக்கு வேலையே இல்லை. முக்கால்வாசிக் காட்டுச் சமையல் இப்படிக் கைப்பக்குவத்தில்தான் நிற்கிறது. அதைத் தெரிந்தவர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழக வேண்டும்.

அதனால்தான் படத்தைப் பார்த்து எதையும் பறிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். செங்காந்தள் நம் மாநில மலர், பார்க்க அத்தனை அழகு. அதன் கிழங்கைச் சாப்பிடும் கிழங்கு என்று நினைத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து, அதில் கோல்ச்சிசின் என்னும் நஞ்சு இருக்கிறது. தெரிந்த செடியானாலும் சாக்கடை ஓரம், தார்ச்சாலை ஓரம், பூச்சிமருந்து தெளித்த காடு கழனி, இங்கெல்லாம் கை வைக்காதீர்கள்.

மருந்து தெளிக்காத காடு எங்கே என்று கேட்பீர்கள். எங்கள் ஊரிலும் மக்காச்சோளம் வந்தபிறகு களைக்கு ஆள் விடுவது குறைந்து, களைக்கொல்லி அடிப்பதுதான் வழக்கமாகிவிட்டது. கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாத விவசாயச் சம்சாரியை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் அந்தக் கணக்குப் போட்டவள்தான். ஆனால் மருந்து அடித்த வருஷம் தொய்யக்கீரையோடு, அதை அடையாளம் காட்டுகிற பேச்சும் போய்விட்டது. களையெடுக்கப் பத்துப் பெண்கள் நிரை பிடித்துப் போகும்போதுதான் இது பண்ணை, இது சாரணத்தி என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நிரை இல்லையென்றால் சொல்ல ஆளில்லை.

மூன்று வருஷமாக எங்கள் காட்டின் வடக்கு வரப்பை ஒட்டி ஐந்து அடி அகலத்துக்கு மருந்து படாமல் விட்டிருக்கிறேன். முதல் வருஷம் குப்பைக்கீரை மட்டும்தான் வந்தது. போன வருஷம் தொய்யக்கீரை எட்டிப்பார்த்தது. இந்தத் தடவை மழைக்குப் பிறகு பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். வேலிமுள்ளில் ஒரு கொடி ஏறியிருந்தது. "பாட்டி, குட்டிப் பாவக்கா" என்றாள். பதினாலு காய் இருந்தது. சுளகில் கொட்டி, காம்பையும் மூக்கையும் அவளையே கிள்ளச் சொன்னேன்.

வணக்கம்.