ஒரு கதவுக்கு எத்தனை பெயர்?

நேயர்களுக்கு வணக்கம். கட்டடத் தகவல்களை இணைப்பது பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஒரே ஒரு கதவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "மறுபடியும் கதவா?" என்று என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பலமாடிக் கட்டடம், அதன் மாடிப்படியருகே ஒரு தீத்தடுப்புக் கதவு. கட்டடக் கலைஞரின் வரைபடத்தில் அதற்கு ஒரு எண். தீப் பாதுகாப்பு அறிக்கையில் வேறொரு எண். செய்து கொடுத்த கம்பெனிக்கு அது ஒரு மாடல் எண். கட்டி முடித்ததும் பராமரிப்புக்காரர் வந்து, தன் பதிவேட்டில் நாலாவதாக ஒன்றை எழுதிக்கொள்வார். கதவு என்னவோ ஒன்றுதான். பல வருஷம் கழித்து அதன் கீல் பழுதாகிறது. எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் கதவு இது, எந்தக் கீலைப் போட்டால் சான்றிதழ் செல்லும்? பதில் எங்கோ ஒரு கோப்பில் இருக்கும். எந்தப் பெயரில் தேடுவது?

இதற்கு ஐஎஃப்சி (IFC) என்று, கட்டடத் தகவலுக்கான பொதுக் கோப்பு வடிவம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்ற முழுத் தரநிலையாகவும் ஆனது. அதில் ஒவ்வொரு கதவுக்கும் 22 எழுத்தில் தனி அடையாளம் உண்டு. நல்ல வேலைதான். ஆனால் அந்த அடையாளத்தை இணையத்தில் போட்டுத் தேடினால் எங்கும் போய்ச் சேராது. அது கோப்புக்குள்ளேயே வாழ்கிறது.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் எழுதிய குறிப்பின் சாரம் இது: பக்கங்களுக்கு மட்டும் இல்லாமல் பொருள்களுக்கும் வலைமுகவரி கொடுங்கள், அந்த முகவரிக்குப் போனால் உபயோகமான தகவல் கிடைக்கட்டும், அதிலிருந்து மற்ற பொருள்களுக்கு இணைப்பும் இருக்கட்டும். தகவலை எழுதும் முறைக்கு ஆர்டிஎஃப் என்று பெயர். பள்ளியில் படித்த எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்தான்: இந்தச் சுவர் தாங்குகிறது இந்தக் கதவை. அவ்வளவே. இப்படிச் சின்னச் சின்ன வாக்கியங்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் கொட்ட வேண்டுமா? வேண்டாம். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், வேண்டாம். கம்பெனியின் தகவல் கம்பெனியிடமே, பராமரிப்பாளரின் தகவல் அவரிடமே இருக்கட்டும். கதவின் முகவரி மட்டும் பொதுவாக இருந்தால் போதும்.

அந்த வாக்கியங்களில் எல்லோரும் ஒரே சொற்களைப் பயன்படுத்த பாட் (BOT) என்றொரு சொற்தொகுதி இருக்கிறது. வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சியின் சமூகக் குழு ஒன்று உருவாக்கியது. மனை, கட்டடம், தளம், அறை, உறுப்பு என்று கைக்கு அடக்கமாக நிறுத்திக்கொண்டார்கள். ஐஎஃப்சி முழுவதையும் ஆர்டிஎஃப்பில் கொண்டுவந்த ஐஎஃப்சிஔல் (ifcOWL) என்ற சொற்தொகுதி இதோடு பார்த்தால் பூதாகரம். எனக்குச் சின்னதுதான் பிடிக்கும். உலகம் முழுவதையும் ஒரே அகராதியில் அடைக்கப் போனால் எந்தக் கதவின் வேலையும் முடிவதில்லை.

கைகாட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. தகவல் விதிப்படி இருக்கிறதா என்று தானாகச் சரிபார்க்கும் ஷாக்கில் (SHACL) என்ற முறை பற்றிப் பேச நினைத்தேன். "சான்றிதழ் இல்லாத தீத்தடுப்புக் கதவு உண்டா" என்று கணினியே பார்த்துச் சொல்ல உதவும், 2017 முதல் தரநிலை. இன்னொன்று: கதவின் வலைமுகவரியை மென்பொருள் கம்பெனியின் பெயரில் வாங்காதீர்கள். கம்பெனியை மூடிவிட்டால் முகவரியும் போய்விடும், கட்டடம் அங்கேயேதான் நிற்கும். உரிமையாளர் பெயரில் வாங்குங்கள். வணக்கம்.