ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனாலும் இது ஈரநிலம்!

வணக்கம் மக்களே! திரையில் இருக்கும் இந்த இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். புல், நாலைந்து மரம், செருப்பில் சேறுகூட ஒட்டாது. ஆனால் அமெரிக்காவில் இது சட்டப்படி ஈரநிலமாக இருக்கலாம். வீடு கட்டுகிறேன் என்று நாலு லாரி மண்ணைக் கொட்டினால் வம்பில் மாட்டிக்கொள்ளலாம்.

பின்னணியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1972இன் தூய நீர்ச் சட்டம், அதில் 404ஆவது பிரிவு. ஈரநிலத்தை மண் கொட்டி மேடாக்க வேண்டுமானால் ராணுவப் பொறியாளர் படையிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆமாம், ராணுவம்தான்! எல்லை குறிக்க அவர்களே 1987இல் ஒரு கையேடு போட்டார்கள். ஓர் இடம் ஈரநிலம் என்று சொல்ல மூன்று சாட்சி வேண்டும்: தண்ணீர், செடி, மண். தண்ணீர் குளமாக நிற்க வேண்டியதில்லை, செடி வளரும் பருவத்தில் தொடர்ந்து இரண்டு வாரம் தரைக்கு ஒரு அடி ஆழத்துக்குள் ஊறியிருந்தாலே கணக்கில் வரும். செடி என்றால் ஈரம் தாங்கும் வகைகள் பாதிக்கு மேல் இருக்கிறதா என்பது. சரி, மண்ணுக்கு வருவோம், எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஒருவர் மண்வெட்டியோடு வந்து ஒன்றரை அடிக்குக் குழி தோண்டுவார். உள்ளிருந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு (நிஜமாகவே விதி இது, கண்ணாடி நிறத்தை மாற்றிவிடுமாம்), ஒரு குட்டிப் புத்தகத்தைத் திறப்பார். பக்கம் முழுக்க பெயின்ட் கடை அட்டை போல நிறச் சில்லுகள், பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள். ஓட்டைக்குப் பின்னால் மண்ணைப் பிடித்து எந்த நிறம் என்று ஒப்பிடுவார். இந்த நிற முறையை உருவாக்கிய மன்செல் மண் விஞ்ஞானி இல்லை, ஓவியர்! கோடிக்கணக்கில் போகும் கட்டடத் திட்டம் ஓர் ஓவியரின் நிறப் பட்டியலில் தொங்குகிறது என்றால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

நிறம் எதற்கு? மண்ணில் இரும்பு இருக்கிறது. காற்று பட்டால் துருப்பிடித்துச் சிவப்பாகும். தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்துபோனால் நுண்ணுயிர்கள் அந்தத் துருவையே மூச்சுக்குப் பயன்படுத்திக்கொள்ளும், இரும்பு கரைந்து நகர்ந்துவிடும், மிஞ்சுவது சாம்பல் நிறம். வெயிலில் தண்ணீர் வற்றிப்போனாலும் இந்தச் சாம்பல் போகாது. கோரை மாதிரிச் செடிகள் வேர் வழியாகக் காற்றை இறக்குவதால் வேரைச் சுற்றி மட்டும் துரு படிந்து, சாம்பல் மண்ணுக்குள் ஆரஞ்சுக் குழாய்கள் தெரியும். அழுகின முட்டை நாற்றம் அடித்தால் அதுவும் ஒரு அத்தாட்சி. மோப்பம் பிடிப்பதும் வேலையில் சேர்த்தி!

ஈரப் பக்கம் ஒரு குழி, காய்ந்த பக்கம் ஒரு குழி, இரண்டுக்கும் நடுவில் கொடி நடுவார்கள். அதுதான் எல்லை.

இப்போது ட்விஸ்ட். ஐடஹோ மாநிலத்தில் பிரீஸ்ட் ஏரிக்குப் பக்கத்தில் சாக்கெட் தம்பதி 2004இல் மனை வாங்கி, 2007இல் வீடு கட்ட மேடாக்கத் தொடங்கினார்கள். அரசு நிறுத்தச் சொன்னது, மீறினால் ஒரு நாளைக்கு 40,000 டாலருக்கு மேல் அபராதம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு தடவை போய், 2023இல் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது: ஈரநிலம் ஓர் ஆற்றோடோ ஏரியோடோ மேல்மட்டத்திலேயே இடைவிடாமல் இணைந்திருந்தால்தான் மத்திய சட்டம் பாயும். அதாவது மண் சாம்பலாக இருக்கலாம், முட்டை நாற்றம் அடிக்கலாம், அப்படியும் மத்திய சட்டத்துக்கு அது வெறும் நிலம்.

அதற்காக உடனே ஜேசிபியைக் கூப்பிட வேண்டாம். மாநிலச் சட்டம் தனி. மாசசூசெட்ஸில் ஈரநிலத்தின் விளிம்பிலிருந்து 100 அடி வரைக்கும் வேலை செய்ய அனுமதி கேட்க வேண்டும்.

எல்லையை மண் சொல்ல வேண்டுமா, நீதிமன்றம் சொல்ல வேண்டுமா, கமெண்டில் சண்டை போடுங்கள். நான் மண் கட்சி.