ராக் கிட்டாரை மாற்றியது கருவியே!

நடுவர் அவர்களுக்கும், எதிரணியினருக்கும், இவ்வளவு நேரமாகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் அவையோருக்கும் வணக்கம்.

தலைப்பு இதுதான்: ராக், ப்ளூஸ், மெட்டல் கிட்டாரின் ஒலியை மாற்றியது கலைஞரின் கையா, கருவியா? எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஹென்ட்ரிக்ஸ், பி.பி. கிங், எடி வான் ஹேலன், டோனி அயோமி என்று நாலு கிட்டார் கலைஞர்களை வரிசையாக நிறுத்தினார். "இவர்கள் கிட்டாரை உங்கள் கையில் கொடுத்தால் அந்தச் சத்தம் வருமா?" என்று கேட்டார். நல்ல கைதட்டல் விழுந்தது. வராது ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் கெட்டிக்காரர் என்றா இங்கே கேட்டார்கள்? ஒலியை மாற்றியது எது என்றல்லவா கேட்டார்கள்! கெட்டிக்காரக் கைகள் 1930-லும் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட ஏன் மெட்டல் வாசிக்கவில்லை?

ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் 1943-இல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோ வந்தார். மதுக்கடை இரைச்சலில் அவருடைய மரக் கிட்டார் எடுபடவில்லை. அடுத்த ஆண்டே மின்சாரக் கிட்டாருக்கு மாறினார். ஊரிலிருந்து கொண்டுவந்த கை அதேதான், ஒயர் மட்டும்தான் புதிது. சிகாகோ ப்ளூஸ் அந்த ஒயர் வழியாகத்தான் வந்தது.

அடுத்தது நாஷ்வில். மார்ட்டி ராபின்ஸின் கண்ட்ரி பாட்டு ஒன்றின் பதிவு. கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸில் சோலோ வாசிக்கிறார். மிக்ஸிங் கன்சோலில் ஒரு சானல் பழுது. கரகரவென்று கிழிந்த சத்தம் பதிவாகிவிட்டது, அழிக்காமல் விட்டார்கள், 1961-இல் பாட்டு ஹிட்டானது. பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே டிரான்சிஸ்டர் சர்க்யூட்டாகக் கட்டி கிப்சன் கம்பெனிக்குக் கொடுத்தார். 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற, காலால் அழுத்தும் பெடலாக அது விற்பனைக்கு வந்தது, வாங்கத்தான் ஆளில்லை. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் ஒரு ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்னச் சுரத்தொடரை, அதில் வாசித்தார். பிற்பாடு ஹார்ன் வாத்தியங்கள் வந்து வாசிக்கட்டும் என்று, பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி போட்டு வைத்தது அது. ஹார்ன் வரவே இல்லை, துண்டே சீட்டில் உட்கார்ந்துகொண்டது! கடைகளில் இருந்த பெடல் எல்லாம் விற்றுத் தீர்ந்தது.

இதற்கு நடுவில் 1964. லண்டனில் கிங்க்ஸ் இசைக்குழுவின் டேவ் டேவிஸுக்கு வயது 17. எல்பிகோ என்ற சின்ன பச்சை ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி, அவரிடம் இருந்தது. அதன் ஸ்பீக்கர் கூம்பை பிளேடால் கிழித்து, அந்தச் சின்ன ஆம்பை வாக்ஸ் ஏசி30 என்ற இன்னொரு ஆம்புக்குள் செருகினார். காகிதக் கூம்பு கிழிந்தால் ஒழுங்காக முன்னும் பின்னும் அசையாது. படபடத்து, கம்பியில் இல்லாத அதிர்வுகளையெல்லாம் சேர்த்து அனுப்பும். அந்தச் சத்தத்தோடு பதிவான பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. கிழித்தது கைதானே என்று எதிரணி கேட்கலாம். கைதான், ஆனால் அது பிளேடு பிடித்த கை. அதில் என்ன வாசிப்புத் திறமை இருக்கிறது?

இப்போது கொஞ்சம் கணக்கு. மெட்டலின் ஆணிவேர் பவர் கார்ட், அதாவது இரண்டே சுரம் சேர்ந்த கார்ட். கிட்டாரின் ஐந்தாம் கம்பியைத் திறந்து விட்டால் 'ஏ', 110 ஹெர்ட்ஸ். நாலாம் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட்டை (கழுத்திலுள்ள உலோகக் கட்டு) அழுத்தினால் 'ஈ', 164.8 ஹெர்ட்ஸ். இரண்டையும் டிஸ்டார்ஷனுக்குள், அதாவது ஒலியை வேண்டுமென்றே கிழிக்கும் சர்க்யூட்டுக்குள் அனுப்பினால், அது இரண்டின் வித்தியாசத்தையும் ஒரு சுரமாகக் கக்கும்: 54.8. அதாவது 'ஏ'-க்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் 'ஏ' (55), ஏறக்குறைய அதேதான். யாரும் அழுத்தாத சுரம் அது, ஆம்ப் போட்ட சுரம். மெட்டலின் கனம் என்று நாம் நெஞ்சில் உணர்வதில் பெரும்பங்கு இதுதான்.

சரி, கூடவே 'சி ஷார்ப்' சேர்த்து முழு மேஜர் கார்டாக வாசிப்போம். அது 138.6. வித்தியாசம் 28.6, 'ஏ'-யும் இல்லாமல் 'ஏ ஷார்ப்'-பும் இல்லாமல் நடுத்தெருவில் நிற்கும். அதோடு 167.2 ஹெர்ட்ஸில் ஒரு போலி 'ஈ' பிறந்து, கார்டில் உள்ள அசல் 'ஈ'-யோடு மோதி வினாடிக்கு இரண்டு தடவைக்கு மேல் அதிரும். காதுக்குச் சேறு. ஆம்பில் கெய்னை, அதாவது ஒலி கிழியும் அளவுக்குப் பெருக்கும் திருகை, ஏற்றிவிட்டு முழு கார்டை அடித்துப் பார்த்த எவருக்கும் இது தெரியும். விரல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்தச் சேறு போகாது. அதனால்தான் கனமான ராக்கில் அந்த 'சி ஷார்ப்' மாதிரியான மூன்றாம் சுரம் கழன்று, வெறும் இரண்டு சுரத்தில் ரிஃப் கட்டும் வழக்கம் வேரூன்றியது. கையைக் கூப்பிட்டு 'இப்படி வாசி' என்று சர்க்யூட் உத்தரவு போட்டிருக்கிறது, நடுவர் அவர்களே.

வான் ஹேலனுக்கு வருவோம். இரண்டு கையாலும் ஃப்ரெட்டைத் தட்டும் டேப்பிங், 1978-இல் வந்த அவருடைய குழுவின் முதல் ஆல்பம், அது சுத்தமான கைவித்தை என்றார் எதிரணி நண்பர். பிளெக்ட்ரம் (மீட்டும் சின்னத் தகடு) படாமல் விரல் நுனியால் தட்டிய சுரம் இயல்பிலேயே சன்னம். கெய்ன் இல்லாத ஆம்பில் அதே வேகத்தில் தட்டுங்கள், முன்வரிசையோடு நின்றுவிடும். டிஸ்டார்ஷன் அலையின் உச்சியை வெட்டுவதால் பலத்த சுரமும் சன்னமான சுரமும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. தட்டியதும் மீட்டியதும் சமமாகக் கேட்பது அதனால்தான்.

அந்தச் சமத்துக்காக அவர் என்ன பாடுபட்டார் தெரியுமா? மார்ஷல் ஆம்பை முழுசாகத் திறந்து வைத்தால் கூரை பறக்கும், குறைத்தால் அந்த ஒலி கிடைக்காது. அதனால் வேரியாக் என்ற மின்னழுத்தக் குறைப்பானை இடையில் வைத்து, சுமார் 90 வோல்ட்டுக்கு இறக்கி ஓட்டினார். அடுத்து பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருள். அவ்வளவு கெய்னில் சுருளில் ஒரு கம்பி தளர்ந்திருந்தாலும் அது மைக் மாதிரி வேலை செய்து கீச்சென்று அலறும். மருந்து, பாரஃபின் மெழுகில் முக்கி எடுப்பது. மெழுகை நேரடித் தீயில் வைக்கக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 65 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குமிழி வருவது நிற்கும் வரை உள்ளே இருக்கட்டும். சூடு மிஞ்சினால் சுருள் சுற்றிய பிளாஸ்டிக் பாபின் நெளிந்து பிக்கப் குப்பைக்குப் போகும். வான் ஹேலனே சிலவற்றை அப்படி உருக்கித் தள்ளியவர்தான். கை மட்டும் போதும் என்றால் அவர் எதற்கு மெழுகு காய்ச்ச வேண்டும்?

பி.பி. கிங் இடது கையால் சுரத்தை நடுக்கும் வைப்ராட்டோவுக்கு நானும் அடிமை. ஆனால் சுரம் நீண்டு நின்றால்தானே நடுக்க முடியும்! ஒலி பெருகினால் கிட்டாரின் உள்ளீடற்ற உடல் ஊளையிடும் என்று கிட்டாரின் ஓட்டைகளில் துணியை அடைத்தார். 1980-இல் கிப்சன் அவர் பெயரில் லூசில் மாடலை ஓட்டையே இல்லாமல் செய்து கொடுத்தது. இதற்கு மேல் இதில் விரிக்க நேரமில்லை.

எதிரணியின் பிரம்மாஸ்திரம் டோனி அயோமி. பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் 17 வயதில் நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் இழந்தவர். வலக்கை விரல்கள்தான், ஆனால் அவர் இடக்கை வாசிப்பாளர், ஆகவே ஃப்ரெட்டை அழுத்தும் கையே போனது. மன உறுதிதான் மெட்டலைத் தந்தது என்றார்கள். மன உறுதிக்குத் தலை வணங்குகிறேன். அந்த உறுதி எங்கே போய் நின்றது என்று பாருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பி செய்தார். பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது, பழைய ஜாக்கெட் தோலை வெட்டி ஒட்டினார். தொப்பி வழியாகக் கம்பி உணர்வு தெரியாது, தடித்த கம்பியை அழுத்தவும் முடியாது. மெல்லிய கம்பி செட் கடையில் இல்லாததால் பாஞ்சோ கம்பிகளை மாட்டினார்.

இங்கே ஒரு திருத்தம். முதல் ஆல்பத்திலேயே ட்யூனிங்கை (கம்பிகளின் சுருதியை) இறக்கிவிட்டார் என்று எதிரணி சொன்னது தவறு. 1970-இல் வந்த, அவருடைய குழுவான பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் சாதாரண ட்யூனிங்தான். 1971-இல் மூன்றாவது ஆல்பத்தில்தான் மூன்று அரைச்சுரம் இறங்கினார். அப்படி இறக்கினால் கம்பியின் இழுவிசை ஏறக்குறைய 30 சதவீதம் குறையும், காயம்பட்ட விரலுக்கு நிம்மதி.

அப்படியானால் முதல் ஆல்பத்துக்கு அந்தக் கனம் எங்கிருந்து வந்தது? லேனி ஆம்ப், அதற்கு முன்னால் ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டர், அதாவது மேல்சுரத்தைக் கூட்டும் கருவி. கனத்துக்கு ட்ரெபிளைக் கூட்டுவதா என்று சிரிக்க வேண்டாம். கீழ்ச்சுரம் நிறைய உள்ளே போனால் ஆம்பின் வால்வு திணறி ஒலி கொழகொழவென்று ஆகும். டிஸ்டார்ஷனுக்கு முன் பாஸைக் குறை, பின்னால் கூட்டிக்கொள். இன்றைக்கும் மெட்டல்காரர்கள் உயர் கெய்ன் ஆம்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் பெடலை வைத்து, டிரைவை (ஒலியைக் கிழிக்கும் அளவை) சுழியத்திலும் லெவலை (ஒலி அளவை) முழுசாகவும் வைப்பது இதே காரணத்துக்காகத்தான். அந்தப் பெடல் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் குறைத்துத்தான் சத்தத்தைக் கூட்டுகிறது.

மணி அடித்துவிட்டார்கள், ஹென்ட்ரிக்ஸோடு முடிக்கிறேன். 1964, 65-இல் அவர் ஐஸ்லி பிரதர்ஸுக்கும் லிட்டில் ரிச்சர்டுக்கும் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1966 செப்டம்பரில் லண்டன் போனார். அங்கே மார்ஷல் ஸ்டாக், அந்த ஆண்டுதான் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடல், ராஜர் மேயர் கட்டிக் கொடுத்த ஆக்டேவியா என்ற இன்னொரு பெடல். அதற்கு அடுத்த ஆண்டு உலகமே திரும்பிப் பார்த்தது, எல்லோருக்கும் தெரியும். லிட்டில் ரிச்சர்ட் மேடையில் இருந்ததும் அதே இடது கைதான், அதே நீண்ட கட்டைவிரல்தான். இடையில் மாறியது என்ன என்பதை அடுத்து எழுந்திருக்கும் எதிரணிப் பேச்சாளர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.