18 பேர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய போர்க்கதை

நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் வியட்நாம் போரைப் பற்றிய சயின்ஸ் ஃபிக்‌ஷனை யார் வாங்கிப் படிப்பார்கள்? கிட்டத்தட்ட இந்த ஒரே பதிலைச் சொல்லி 18 பதிப்பகங்கள் ஒரு நாவலைத் திருப்பி அனுப்பின. அப்புறம் செயின்ட் மார்ட்டின்ஸ் பிரஸ் துணிந்து போட்டது. சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கான பெரிய விருதுகளான ஹியூகோ, நெபுலா இரண்டையும் 1976-ல் அதே நாவல் அள்ளிக்கொண்டு போனது. அந்த 18 பேரின் முகத்தைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

நாவல் 'தி ஃபாரெவர் வார்'. எழுதியவர் ஜோ ஹால்ட்மேன்.

வரலாற்றை வேகமாக ஓட்டிவிடுவோம். 1943-ல் ஓக்லஹோமா சிட்டியில் பிறந்தார், இயற்பியலும் வானியலும் படித்தார், 1967-ல் பட்டம் வாங்கின கையோடு ராணுவம் கட்டாயமாக இழுத்துக்கொண்டது, வியட்நாமில் வெடிமருந்தோடு மல்லுக்கட்டும் காம்பாட் இன்ஜினியர், படுகாயம், பர்ப்பிள் ஹார்ட் பதக்கம். அவ்வளவுதான்.

இனிமேல்தான் விஷயமே. கதையில் மண்டெல்லா என்ற சிப்பாய் டாரன்கள் என்ற வேற்றுக் கிரகவாசிகளோடு சண்டை போடப் போகிறான். கப்பல் ஒளியின் வேகத்தை நெருங்கினால் உள்ளே கடிகாரம் மெதுவாக ஓடும். ஐன்ஸ்டீன் கணக்கு, கப்சா இல்லை. அவனுக்குச் சில வருஷம்தான் ஆகிறது, பூமியிலோ தலைமுறைகள் கழிகின்றன. போர் மொத்தம் 1143 வருஷம் நடக்கிறது, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை இவன் அதில் இருக்கிறான்! சம்பளம் வட்டிக்கு வட்டியாக ஏறிக்கொண்டே போகும். சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன்: 5 சதவீதக் கூட்டு வட்டியில் 100 ரூபாய் போட்டால் 100 வருஷத்தில் 13,000 ரூபாயைத் தாண்டுகிறது. பணம் இருக்கும், செலவழிக்கத் தெரிந்த ஊர்தான் இருக்காது. பேச்சு, பழக்கம், காதல், வேலை எல்லாமே மாறிப்போய், ஊரே அவனை அந்நியனாகப் பார்க்கும்.

வியட்நாமிலிருந்து வந்த சிப்பாய்களுக்கு நடந்ததும் இதுதானே? ஒரு வருஷம் காட்டில் கிடந்துவிட்டு விமானம் ஏறினால் ஓரிரு நாளில் வீடு. ஆனால் விட்டுவிட்டுப் போன வீடு அங்கே இல்லை. அந்த வலிக்கு ஹால்ட்மேன் இயற்பியலில் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார் என்றுதான் நான் சொல்வேன். 'அனலாக்' பத்திரிகையில் தொடராக வந்தபோது, ஊர் திரும்பும் பகுதி ரொம்பச் சோகமாக இருக்கிறது என்று ஆசிரியர் பென் போவா ஒதுக்கிவிட, வேறு மாதிரி எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பல வருஷம் கழித்துத்தான் பழைய வடிவம் புத்தகத்தில் ஏறியது.

சிப்பாய் வாழ்க்கையைக் கொண்டாடும் விண்வெளிப் போர் நாவலான ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' ரசிகர்கள் இப்போதே கமெண்ட்டில் கத்தியைத் தீட்டுவீர்கள், தெரியும். ஹைன்லைன் கடற்படை அதிகாரியாக இருந்தவர், ஆனால் போர்க்களம் பார்க்காதவர். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள், அப்புறம் சண்டைக்கு வாருங்கள்.

முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, சப்ஸ்க்ரைப் பண்ணிவிட்டுப் போங்கள்.

போனார்களா? சரி. போர் முடிந்து மண்டெல்லா திரும்பும்போது, அவன் காதலி மேரிகே எழுதி வைத்த பழைய கடிதம் கிடைக்கிறது. ஹால்ட்மேனின் மனைவி பெயரும் அதுதான். சேர்ந்த சம்பளத்தைப் போட்டு அவளும் வேறு சிலரும் ஒரு கப்பலையே வாங்கியிருக்கிறார்கள். ஐந்து ஒளியாண்டு போவது, அப்படியே திரும்பி வருவது, இதுதான் அதன் ஒரே வேலை. அது கிளம்பும் கிரகத்தில் பத்து வருஷம் ஓடினால் அவளுக்கு ஒரு மாதம்தான் கூடும். அவன் வரும்போது கிழவியாகிவிடக் கூடாது என்று அந்தரத்தில் போய் வந்துகொண்டே காத்திருக்கிறாள்.