யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?

வணக்கம் நேயர்களே. இந்த நேரத்தில் உங்களில் சிலர் அடுப்படியில் இருப்பீர்கள், சிலர் பஸ்ஸில் இருப்பீர்கள். கைவேலையை விட வேண்டாம், காதை மட்டும் இங்கே கொடுங்கள், போதும்.

வேலையிடத்து உளவியல் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய பெயர்தான். நான் டாக்டர் இல்லை. இதே மொரீஷியஸில் ஒரு தையல் ஃபேக்டரியில், ஆட்களைச் சேர்ப்பது, லீவு எழுதுவது, சண்டை தீர்ப்பது என்று 26 வருஷம் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்திருந்தவள். 1970இல் சோன் ஃபிரான்ஷ் சட்டம், அதாவது ஏற்றுமதிக்குச் செய்யும் ஃபேக்டரிகளுக்குச் சலுகை கொடுத்த சட்டம், வந்த பிறகு நம் பெண்கள் எத்தனை பேர் தையல் மெஷினுக்குப் போனார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டிலேயே ஒரு அம்மாவோ அத்தையோ இருப்பார்.

ஒரு திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன். சட்டை தைக்கும் லைன். வெட்டிய துணிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, ஒவ்வொரு மெஷினுக்கும் இடதுபக்கம் ஒரு ஸ்டாண்டில் வைத்திருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் ஸ்டாப்வாட்சும் கையுமாக ஒரு மாதம் நின்று கணக்கெடுத்தார். ஸ்டாண்ட் வலதுபக்கம் இருந்தால் ஒவ்வொரு சட்டைக்கும் சில விநாடி மிச்சம் என்று கண்டுபிடித்தார். சனிக்கிழமை எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு அத்தனை ஸ்டாண்டையும் மாற்றி வைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் உள்ளே வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். காலர் தைக்கும் அக்கா ஒருவர் பையைக்கூட இறக்கவில்லை. "யாரைக் கேட்டு மாத்தினாங்க?" என்றார். அந்தக் கேள்வி அன்றைக்கு லைன் முழுக்க ஓடியது.

அந்த வாரம் உற்பத்தி விழுந்தது. அடுத்த வாரமும் எழவில்லை. லீவுக் கடிதம் குவிந்தது. திடீரென்று எல்லாருக்கும் தலைவலி. மேலே இருந்தவர்கள் ஒரே வார்த்தை சொன்னார்கள்: சோம்பேறித்தனம். நானும் அப்போது அதை நம்பினேன், ஒளிக்கவில்லை.

மூன்றாவது வாரம் எங்கள் லைன் சூப்பர்வைசர் மெஷின்களை அரைமணி நிறுத்தச் சொல்லிவிட்டு, பெண்களோடு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கடைசி வரிசையில் வலதுபக்கம்தான் டிராலி போகும் வழி. டிராலி வரும்போதெல்லாம் தையலை நிறுத்தி, எழுந்து, ஸ்டாண்டை இழுத்துவிட வேண்டும். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நான் அந்த அக்காவைக் கேட்டேன். "சொன்னா அந்த ஆளு வந்து இன்னொன்னை மாத்திடுவாரே" என்றார்.

இன்ஜினியர் கணக்கு தப்பில்லை, அதையும் சொல்ல வேண்டும். கடைசி வரிசைக்கு மட்டும் பழையபடி வைத்தார்கள். மற்ற வரிசைகளில் வலதுபக்கமே நின்றது, வேலையும் சீக்கிரமாகவே ஆனது. ஆனால் அது பெண்கள் தாங்களே பார்த்து, சரி, இது இருக்கட்டும் என்று சொன்ன பிறகு நடந்தது.

இந்தக் கதையை நான் எங்கே போனாலும் சொல்வேன். கேட்டவர்கள் மன்னிக்கணும். பல வருஷம் கழித்து ஒரு வகுப்பில் இதே கதையைப் படித்தேன். அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில், மரியன் என்ற ஊர். ஹார்வுட் என்ற பைஜாமா ஃபேக்டரி. லெஸ்டர் கோக், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் 1948இல் எழுதியது. அங்கே மாற்றியது என்ன தெரியுமா? தேய்த்த பைஜாமாவை ஒரு தட்டை அட்டைமேல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் பெட்டிக்குள் அடுக்கு என்றார்கள். அட்டையிலிருந்து பெட்டி, அவ்வளவுதான்! மாற்றத்தைச் சொல்லிவிட்டு, கூலிக் கணக்கையும் விளக்கிவிட்டு, வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிய குழுவில் உற்பத்தி விழுந்தது, விழுந்தபடியே கிடந்தது. 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள்.

வேறு குழுக்களை முதலிலேயே உட்காரவைத்துப் பேசினார்கள். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு துணியைக் காட்டி, எது விலை குறைந்தது, சொல்லுங்கள் என்றார்கள். யாராலும் சொல்ல முடியவில்லை. ஒன்று 1946இல் தைத்தது, மற்றது 1947இல் தைத்தது. பழையது இரண்டு மடங்கு விலைக்கு விற்றிருந்தது. செலவை ஏன் குறைக்கணும் என்பது அப்போது அவர்களுக்கே புரிந்தது. வேலையை எப்படி மாற்றலாம் என்று பெண்களே யோசனை சொன்னார்கள். அந்தக் குழுக்கள் சீக்கிரமே எழுந்து, பழைய அளவுக்கு மேல் 14 சதவீதம் போனார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அந்த முதல் குழு இருக்கிறதே, முறைத்துக்கொண்டே வேலை செய்த குழு, அதில் மிச்சமிருந்த 13 பேரைச் சில மாதம் கழித்து இன்னொரு வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை முதலிலேயே கலந்து பேசினார்கள். அதே ஆட்கள், சண்டையில்லாமல் மளமளவென்று ஏறிவிட்டார்கள். அதே ஆட்கள் நேயர்களே! ஆள் சரியில்லை, ஆள் சரியில்லை என்று நாம் எத்தனை பேரைச் சொல்லியிருப்போம்?

ஃபேக்டரிதான் வேண்டுமென்பதில்லை. காவடி முடிந்து ஏழு கறி சமைக்கும் கோயில் அடுப்படியைப் பாருங்கள். கமிட்டியிலிருந்து ஒரு தம்பி வந்து, யார் எங்கே உட்கார்ந்து எந்தக் காய் நறுக்கணும் என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போகட்டும். அன்றைக்குச் சாப்பாடு எத்தனை மணிக்கு இலைக்கு வரும்? நான் சொல்லவில்லை, நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம், ஹாதோர்ன் என்று ஒன்று சொல்வார்கள். சிகாகோ பக்கத்தில் டெலிபோன் சாமான் செய்த ஃபேக்டரி. 1924இலிருந்து 1932 வரை அங்கே ஆராய்ச்சி நடந்தது. விளக்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது, ஏனென்றால் யாரோ கவனிக்கிறார்கள் என்ற சந்தோஷம் என்று பயிற்சி வகுப்பில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. விளக்குக் கணக்கைப் பிற்காலத்தில் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அப்படிப் பளிச்சென்று எதுவும் தெரியவில்லை. இன்னொரு அறையில் ஐந்து பெண்களை வைத்துப் பார்த்தார்கள். அங்கே கூலியையே அந்த ஐந்து பேர் செய்யும் வேலையின் கணக்கில் கொடுக்கும்படி மாற்றியிருந்தார்கள். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928இல் இரண்டு பெண்களை வெளியே அனுப்பி, வேறு இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். கூலி மாறி, ஆளும் மாறிய பிறகு சந்தோஷத்தால் ஏறியது என்றால் எப்படி? முதுகில் தட்டிக்கொடுத்தால் போதும், கூலியைப் பற்றிப் பேசவேண்டாம் என்று நினைக்கிற முதலாளிக்கு அந்தக் கதை ரொம்ப வசதி.

கேட்பது என்றால் சும்மா கேட்பதும் இல்லை. முடிவெடுத்துவிட்டு, உங்கள் கருத்து என்ன என்று தாள் கொடுப்பார்கள். இரண்டாவது தடவை அந்தத் தாளில் யாரும் எழுதமாட்டார்கள். நார்வேயில் ஒரு செருப்பு ஃபேக்டரியில் ஹார்வுட் மாதிரியே செய்து பார்த்தபோது பெரிய பலன் இல்லை. அங்கே தொழிலாளிகளுக்கு யூனியன் இருந்தது, பேசவேண்டியது யூனியன் வழியாகத்தான் என்று அவர்கள் நினைத்தார்கள். ஊருக்கு ஊர் இது மாறும். அதை இன்னும் கொஞ்சம்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம். ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் பற்றி எழுதிக்கொண்டு வந்த பக்கம் இன்னும் புரட்டப்படவே இல்லை. சரி, சுருக்கமாக. ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை அவர் எண்ணினார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்தார். கணக்கில் அங்கேதான் அதிகமாக வந்தது. அங்கே தவறு நடந்தால் பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடத்தில் மறைத்தார்கள். எங்கள் அக்காவுடைய டிராலி மாதிரி.

இப்போது ஒரு விரல்தான். இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் வீட்டில் யாராவது வேலையிலிருந்து வந்து, இன்றைக்கு எங்கள் இடத்தில் ஒன்றை மாற்றினார்கள் என்று முணுமுணுத்தால், டீயைக் கொடுத்துவிட்டு என்ன மாற்றினார்கள் என்று முழுசாகக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.