மொட்டைப் பந்தும் மாரி மழையும்

வணக்கம். பழைய பந்துகளைப் பற்றிக் கதைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், சரி, கதைப்போம்.

யாழ்ப்பாணத்தில் எந்த வளவுக்குள் போனாலும் வேலிக்கரையிலோ கூரைப் பீலிக்குள்ளோ ஒரு பந்து கிடக்கும். குருநகர், பாசையூர்ப் பக்கம் என்றால் உதைபந்து, மற்ற இடங்களில் பெரும்பாலும் மென்பந்துக் கிரிக்கெட் அடித்து மொட்டையான ரென்னிஸ் பந்து. விம்பிள்டனில் முதல் 7 கேம், அதற்குப் பிறகு ஒவ்வொரு 9 கேமுக்கும் பந்தை மாற்றிவிடுவார்கள். 2001இல் அப்படிக் கழித்த பந்துகளில் துளை போட்டு அங்குள்ள சின்ன வயல் எலிகளுக்குக் கூடாக வைத்தார்களாம். எங்கள் எலிகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, அரிசிச் சாக்கு இருக்கிறது.

உதைபந்தில் காற்று நிற்கவில்லை என்றால் உடனே எறியாதீர்கள். வால்வில் சவர்க்காரத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், குமிழ் வந்தால் கோளாறு அங்கேதான். பம்ப் ஊசியை நனைக்காமல் அவசரத்தில் குத்திக் குத்தியே பொடியள் வால்வைக் கிழித்துவிடுகிறார்கள். ஒரு துளி கிளிசரின் தடவிக் குத்துங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். தையல் மட்டும் விட்டிருந்தால் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுங்கள், உள்ளே காற்று நிற்கிற பையான பிளடரில் ஊசி படாமல் தைக்கச் சொல்லி.

தோல் பிய்ந்த கடினப்பந்தை ஒரு சொக்ஸுக்குள் போட்டு மாமரக் கிளையில் கட்டினால் நேர்த் துடுப்புப் பழகலாம். ரென்னிஸ் பந்தைக் கீறிக் கதிரைக் கால்களில் மாட்டினால் வகுப்பறையில் அந்தப் பல் கூசும் சத்தமே இருக்காது.

ஒன்றுக்கும் உதவாது என்றால் சருகோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். மலிவான பந்துகளின் மேலுறை பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக், அந்தப் புகையில் டையொக்சின் என்கிற நச்சு இருக்கும்.

எனக்கு உண்மையில் பயம் பாதியாகக் கிழிந்து வானம் பார்த்துக் கிடக்கிற பந்துகளில்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அதில் ஒரு சிரட்டை தண்ணீர் நின்றால் போதும், ஒரு கிழமை பத்து நாளில் டெங்கு நுளம்பு பறந்துவிடும். தண்ணீரை ஊற்றிவிட்டால் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம், உட்பக்கம் ஒட்டிய முட்டைகள் காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். தேய்த்துக் கழுவுங்கள். பூச்சாடியாக்க ஆசை என்றால் அடியில் துளை போட்டுவிட்டு மண்ணை நிரப்புங்கள். மழை தொடங்க முதல் ஏணி வைத்துப் பீலியையும் ஒருக்கால் பாருங்கள், போன வருசம் சிக்ஸர் அடித்துத் தொலைத்த பந்து அங்கேதான் இருக்கும்.