மூடிவிடக் கூடாத கிளை

நேயர்களுக்கு வணக்கம். புட்டத்து வலிக்கும் ரத்தக்குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்பதுண்டு. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வயிற்றுக்குள் இறங்கி வரும் பெருந்தமனி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. அவைதான் இலியாக் தமனிகள். ஒவ்வொன்றும் கொஞ்ச தூரம் போய் மறுபடி இரண்டாகும்; அந்தப் பிரிவைத்தான் இங்கே கவை என்கிறேன். வெளிக்கிளை நேரே காலுக்கு. உள்கிளை இடுப்புக்கூட்டுக்குள் இறங்கிப் புட்டத் தசை, சிறுநீர்ப்பை, மலக்குடல், பிறப்புறுப்பு என்று எல்லாவற்றுக்கும் ரத்தம் கொடுக்கும்.

கவைக்கு முந்தைய தமனியின் சுவர் சிலருக்குத் தளர்ந்து உப்பிக்கொள்ளும். பெரும்பாலும் வலியே இராது. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் அகப்படும். விட்டம் 3 முதல் 3.5 செ.மீ. ஆகிவிட்டால் வெடித்துவிடுமோ என்ற கவலையில் சிகிச்சைக்குப் போகிறோம். வயிற்றைத் திறக்காமல், தொடை இடுக்கு வழியே துணி போர்த்திய கம்பிவலைக் குழாயை, அதாவது ஸ்டென்ட்டை, உள்ளே விரிப்பது இன்றைய வழக்கம். பெருந்தமனி வீக்கத்துக்கு 1990இல் அறுவை மருத்துவர் ஜுவான் பரோடி அர்ஜென்டினாவில் இதைச் செய்து காட்டினார்.

சிக்கல் கவையில்தான். ஸ்டென்ட்டின் கீழ்முனை நல்ல சுவரில் ஒட்டி உட்கார வேண்டும். வீக்கம் கவை வரை வந்துவிட்டால் அங்கே நல்ல சுவர் ஏது? அதனால் முனையை வெளிக்கிளைக்குள் நீட்டிவிடுவோம். உள்கிளையின் வாய் மூடிப்போகும். அதன் வழியே ரத்தம் திரும்பி வந்து வீக்கத்தை நிரப்பாதிருக்க, முன்பே கம்பிச்சுருள் வைத்து அடைத்தும் விடுவோம்.

ஸ்கேன் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். காலில் நாடி ஜோராகத் துடிக்கும். ஆனால் நோயாளி கொஞ்ச தூரம் நடந்ததும் புட்டம் பிடித்து இழுக்கும்; நின்றால் சரியாகும், நடந்தால் மறுபடி இழுக்கும். முதுகெலும்புக் கோளாறோ என்று அலைபவர்களும் உண்டு. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தத் தொல்லை வருகிறது. பலருக்கு மாதங்கள் போகப் போகக் குறையும், எல்லாருக்கும் அல்ல. ஆண்களுக்கு விறைப்புக் குறையலாம். அதை அவர்களாக வாய்விட்டுச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்தால், அரிதாகக் குடலும் தண்டுவடமும்கூடப் பாதிக்கப்படும்.

இதற்காகவே வந்தது கிளை வைத்த ஸ்டென்ட். சட்டைக்குக் கை தைத்ததுபோல், பக்கவாட்டில் ஒரு சிறு குழாய். வீக்கம் உள்ள பக்கத்துத் தொடையிலிருந்து இதை ஏற்றுவோம். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சுருக்குக் கண்ணியை அனுப்பி, இதனோடு வரும் மெல்லிய கம்பியைப் பிடித்து, பெருந்தமனி பிரியும் இடத்தின் மேலாக அந்த எதிர்ப்பக்கத்துக்கே இழுப்போம். அந்தப் பாதையில் வந்து சிறு குழாய்க்குள் நுழைந்து, உள்கிளையின் வாயைத் தேடிப் பிடித்து, இரண்டையும் இன்னொரு ஸ்டென்ட்டால் இணைக்க வேண்டும். பொறுமையைச் சோதிப்பது இந்தத் தேடல்தான்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. உள்கிளையே வீங்கியிருந்தாலோ, உள்ளே இடம் குறுகலாக இருந்தாலோ கஷ்டம். அப்போதும் ஒரு பக்கத்து உள்கிளையையாவது காப்பாற்றப் பார்ப்பேன்.

பிறகு ஸ்கேன் எடுத்து வரும்போது, வீக்கம் சுருங்கியதா என்று எல்லாரும் கேட்பார்கள். நான் முதலில் அந்தக் கிளையில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பேன். அதற்கும் முன்னால், நடந்து பார்த்தீர்களா என்று கேட்பேன்.